மனைப்பிரிவு வரைபடத்தில் நடக்க வழி எங்கே?

புறநகரில் ஒரு புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு டி.டி.சி.பி.க்கோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) சி.எம்.டி.ஏ.வுக்கோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) வரைபடம் போகும்போது அதில் சாலை அகலம் இருக்கும், மனை எண் இருக்கும், பூங்கா இருக்கும். நடைபாதை பெரும்பாலும் இருக்காது. "ரோடு போடும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள். அப்போது பார்ப்பதற்கு இடம் மிஞ்சியிருக்காது. சாலைகளும், ஓ.எஸ்.ஆர். என்று பொதுவுக்கு ஒதுக்கும் திறந்தவெளியும் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். மனைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகிவிடும். அதன்பிறகு மூன்று மீட்டர் சந்து ஒன்று வேண்டுமென்றாலும் யாரோ ஒருவருடைய மனையை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, கோடு போடுவதற்கு முன் நிலத்தை நடந்து பார்ப்பது. கையில் புல வரைபடம் இருக்கட்டும். அதில் வண்டிப்பாதையும் வாய்க்கால் புறம்போக்கும் குறிக்கப்பட்டிருக்கும். அதில் இல்லாத ஒற்றையடிப் பாதைகள் தரையில் தெரியும். புல் தேய்ந்து மண் இறுகிய அந்தத் தடம், பக்கத்து ஊர்க்காரர்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் ரேஷன் கடைக்கும் எந்தப் பக்கமாகப் போகிறார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பையும்விடத் தெளிவாகச் சொல்லும். அதை அழித்து மனை போட்டால், வேலியைப் பிரித்துக்கொண்டு வரத்தான் செய்வார்கள். பள்ளி நேரத்தில், காலை ஏழரை முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் ஐந்தரை வரையும், கால் மணிக்கு ஒரு முறை நடப்பவர்களையும் சைக்கிள்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அதை ஓட்டிப் போக வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது இணைப்பு. சுற்றிலும் மதில், ஒரே ஒரு வாசல் என்று மனைப்பிரிவை அமைத்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் 150 மீட்டரில் நிற்கும் பேருந்தைப் பிடிக்க ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். சாதாரண நடையில் ஐந்து நிமிடத்தில் கடப்பது 400 மீட்டர்தான். அதற்குமேல் சுற்றவிட்டால் வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் வரும். முட்டுச்சந்து ஒவ்வொன்றின் முனையிலிருந்தும் அடுத்த தெருவுக்கோ வெளிச்சாலைக்கோ 3 மீட்டர் அகலத்தில் நடைச்சந்து விடுங்கள். கார் சுற்றிப் போகட்டும், காலும் சைக்கிளும் நேரே போகட்டும். நெதர்லாந்தின் ஹவுட்டன் ஊரை இந்த ஒரே கொள்கையில்தான் கட்டினார்கள். அங்கே கார்கள் வெளிவட்டச் சாலைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும், சைக்கிள் ஊரின் நடுவே நேராகப் போய்விடும். ஒரு எச்சரிக்கை: இருபக்கமும் உயர்ந்த மதில் எழுந்தால் இருட்டிய பிறகு அந்தச் சந்தில் பெண்கள் போக மாட்டார்கள். நடைச்சந்தை நேராக வையுங்கள், இரு முனையிலும் விளக்கு வையுங்கள், ஓரத்து மனைகளின் மதில் உயரத்துக்கு வரம்பு எழுதுங்கள்.

அகலக் கணக்கு எளிது. 12 மீட்டர் சாலையில் வண்டி ஓட 5.5 மீட்டர் போதும். இருபுறமும் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர், இந்தியச் சாலைப் பேரவையின் (ஐ.ஆர்.சி.) 103-ஆம் எண் வழிகாட்டுதல் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். மிச்சம் பக்கத்துக்கு 1.45 மீட்டர். மரம், விளக்குக் கம்பம், மின்வாரியப் பில்லர் பாக்ஸ் எல்லாம் அந்தப் பட்டைக்குள்தான் நிற்க வேண்டும். இதை எழுதிவைக்காவிட்டால் பில்லர் பாக்ஸ் நடைபாதையின் நட்டநடுவில் வந்து உட்காரும். 9 மீட்டர் சாலையில் ஒரு பக்கம் மட்டும் முழு அகல நடைபாதை போடுவதே மேல். இருபுறமும் முக்கால் மீட்டர் போட்டால் இரண்டிலும் யாரும் நடக்க முடியாது.

நடைபாதை பயனற்றுப் போவதற்கு அகலத்தைவிட உயரமே பெரிய காரணம். மழைநீர் வடிகாலின் மூடியே நடைபாதை என்று ஆனபின், "அடுத்து ரெண்டு லேயர் தார் வருமே" என்று வடிகாலை முதலிலேயே 300 மில்லிமீட்டர் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர் அதில் ஏற மாட்டார், ரோட்டில் நடப்பார். சாலை மட்டத்திலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த உயரத்துக்கே 1:12 சரிவில் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் பிடிக்கும். 300 என்றால் 3.6 மீட்டர், தெருமுனையில் அவ்வளவு இடம் கிடையாது. மறுபடி தார் போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பதும் இதனால்தான்.

வீட்டு வாசல்களில் வரும் சிக்கல் வேறு. ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை இறக்கி ஏற்றினால் அலை அலையாகிவிடும், சக்கர நாற்காலி ஓடாது. நடைபாதை மட்டம் மாறாமல் ஓடட்டும். கார் ஏறும் சரிவு அந்த 1.45 மீட்டர் பட்டைக்குள் முடியட்டும். வீட்டுத் தரை மட்டத்துக்கு ஏறும் சரிவு மதிலுக்கு உள்ளேதான். இந்த மட்டங்களை எழுதிய தாளை மனை வாங்குபவருக்குப் பத்திரத்தோடு கொடுத்துவிடுங்கள்.

சைக்கிளுக்கு உள்தெருக்களில் தனிப்பாதை வேண்டாம், வண்டி வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் போதும். அதற்குத் தெருமுனை வளைவைச் சிறிதாக வையுங்கள். வளைவு பெரிதானால் கார் பிரேக் தொடாமலே திரும்பும். வேகத்தடைக்குப் பதில் நடைபாதை மட்டத்திலேயே அகலமாகக் கடக்கும் மேடை கட்டினால் இரண்டு வேலையும் ஆகும். 18 மீட்டர் சாலை வந்தால் ஒருவழிக்கு 2 மீட்டரில் தனிப் பாதை ஒதுக்குங்கள். வடிகால் கம்பிவலை சின்ன விஷயம்போலத் தெரியும்: கம்பிகள் சாலையின் போக்கிலேயே படுத்திருந்தால் சைக்கிள் சக்கரம் இடுக்கில் இறங்கி ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். கம்பி குறுக்கேதான் இருக்க வேண்டும்.

நடைச்சந்து வாயில் இருசக்கர வாகனத்தைத் தடுக்கக் கல் நடும் இடத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதில் ஸ்கூட்டரும் நுழையும். நெருக்கி நட்டால் நாற்காலிதான் வெளியே நிற்கும். எங்கள் கருத்தில் கல் காரை மட்டும் தடுத்தால் போதும்.

கடைசியாக, தார் போடுவதற்கு முன் சாலைக்குக் குறுக்கே இரண்டு மனைக்கு ஒன்று வீதம் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. வெற்றுக்குழாய் பதித்து, முனைகளை அடைத்து, இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். தண்ணீர் இணைப்புக்கும் இன்டர்நெட் கேபிளுக்கும் தோண்டுகிறவர்களால்தான் புதிய நடைபாதை முதல் வருடத்திலேயே உடைகிறது. உடைத்தவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவார், அடுத்த மழையில் அந்த இடம் உள்வாங்கும்.