சம்பா கோதுமை விதையும் உழவர் உரிமைச் சட்டமும்

நீலகிரியிலும் பழனி மலையிலும் கோதுமை இப்போது கேரட்டுக்கும் உருளைக்கும் ஒதுங்கிப்போன பயிர்தான். ஆனாலும் குன்னூர் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை ஆய்வு நிலையம் 1954 முதல் இருக்கிறது. இந்தக் குளிரில் கோதுமை வருஷம் முழுக்க வளரும், கூடவே துரு நோயும் வளரும்; நோய் தாங்கும் ரகத்தைப் பொறுக்கி எடுக்க அது வசதி. சரி, இப்படி உருவாகும் ரகம் ஒன்றை வாங்கி விதைத்தவர் மறு வருஷம் அதிலேயே விதை எடுக்கலாமா?

எடுக்கலாம். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001 அதற்கு இடம் தருகிறது. புது ரகத்தைப் பதிவு செய்தவருக்குக் கோதுமை போன்ற பயிர்களில் அதிகபட்சம் 15 ஆண்டு தனியுரிமை உண்டு. ஆனால் 39-ஆம் பிரிவின்படி, பதிவான ரகமாகவே இருந்தாலும் உங்கள் தோட்டத்தில் விளைந்ததில் விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஒரே தடை: பையில் அடைத்து, அந்த ரகத்தின் பெயரை மேலே போட்டு, பிராண்ட் விதையாக விற்கக் கூடாது. ரகத்தைப் பதிந்தவருக்கு இப்படியோர் உரிமை இருப்பதே தெரியாமல் ஒரு விவசாயி அதை மீறியிருந்தால் அது மீறலாகாது என்கிறது 42-ஆம் பிரிவு. விற்றவர் சொன்ன விளைச்சல் வராவிட்டால் இழப்பீடு கேட்கவும் 39-இலேயே வழி இருக்கிறது.

கோதுமைக்கு இந்த உரிமை உண்மையிலேயே பயன்படும். அது தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், எடுத்து வைத்த விதை தாயைப் போலவே வரும். ஹைப்ரிட் முட்டைக்கோஸில் விதை எடுத்துப் பாருங்கள், சட்டம் தடுக்காது, ஆனால் ஒன்றுபோல் ஒன்று வராது.

எனக்கு முக்கியமாகப் படுவது சட்டத்தின் இன்னொரு பகுதி: பழைய ரகத்தைக் காத்து வந்தவர்களுக்குப் பலனில் பங்கு. அது ஏன் வேண்டும் என்பதைக் குட்டைக் கோதுமையின் கதை காட்டும். பழைய நெட்டைக் கோதுமைக்கு உரத்தைக் கூட்டினால் தாள் உயர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். தாளை நீட்டுவது ஜிப்ரெலின் என்ற ஹார்மோன். டெல்லா என்ற புரதம் வளர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். ஜிப்ரெலின் வந்தால் அந்தப் புரதம் சிதைந்து, தாள் நீளும். பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்களில் ஆர்.எச்.டி. என்ற மரபணு மாறியிருப்பதால், புரதம் ஜிப்ரெலினுக்கு மசிவதில்லை. ஹார்மோன் இருந்தும் செடி குட்டையாகவே நிற்கும், தாளுக்குப் போக வேண்டிய சத்தில் ஒரு பங்கு மணிக்குப் போகும். இந்த மரபணு வந்தது 1935-இல் ஜப்பானில் வெளியான நோரின் 10 ரகத்திலிருந்து. நோரினுக்கு வந்தது தருமா என்ற ஜப்பானிய நாட்டு ரகத்திலிருந்து. உலகம் முழுக்கப் பரவிய அந்த விளைச்சலில் தருமாவை விதைத்து வந்தவர்கள் பங்கு கேட்க அன்று சட்டம் எதுவும் இல்லை.

நம் சட்டத்தில் இருக்கிறது. பதிவான புது ரகத்துக்குத் தங்கள் ரகம் மூலமாக இருந்தது என்று காட்டுகிறவர்கள் 26-ஆம் பிரிவின்படி பலனில் பங்கு கேட்கலாம். பணம் தேசிய மரபணு நிதி வழியாக வரும். பெற்றோர் ரகத்தை எந்த ஊரிலிருந்து எடுத்தார்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும்.

பங்கு கேட்கக் கையில் ஆதாரம் வேண்டுமே. அதனால் பரம்பரையாகச் சம்பா கோதுமை வைத்திருக்கும் குடும்பமோ ஊரோ அதை உழவர் ரகமாகப் பதிந்துவிடுவது நல்லது. கட்டணம் கிடையாது. புது ரகம் என்று காட்ட வேண்டியதில்லை. ஆனால் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், செடிகள் சீராக இருக்க வேண்டும், அடுத்தடுத்த தலைமுறையில் மாறக் கூடாது. கடையில் வாங்கிய சம்பாவையும் கலந்து விதைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். முதலில் கலந்திருப்பதைப் பிரித்து நீக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மாவட்ட வேளாண் அலுவலரோ தரும் சான்றும், விதை மாதிரியும் இந்தச் சட்டப்படி ரகங்களைப் பதிவு செய்யும் புதுதில்லி ஆணையத்துக்குப் போக வேண்டும். படிவம் பற்றிய சந்தேகங்களைக் குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.