சுகாதார நடத்தை: சொல் விளக்கம்

ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு நடக்கிறது, யார் புகைக்கிறார்கள், பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பவற்றையெல்லாம் ஒரே பெயரில் அடக்க ஆங்கிலத்தில் ‘ஹெல்த் பிஹேவியர்’ என்கிறார்கள். தமிழில் இதைச் ‘சுகாதார நடத்தை’ என்று எழுதுவதுண்டு. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆய்வுக்காகக் கொழும்பில் ஒரு வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லிக் கேள்வி கேட்டால்தான் சிக்கல்.

‘பிஹேவியர்’ என்பதன் வேரில் இருப்பது ‘ஹேவ்’. தன்னை இன்னபடி வைத்துக்கொள்வது என்பதே பழைய பொருள். அதிலும் ஒழுக்க வாடை உண்டு. பிறகு உளவியல் அதை எடுத்து, வெளியே பார்க்கக்கூடிய எந்தச் செயலுக்கும் பொதுப்பெயராக்கியது. 1966இல் காஸ்ல், காப் என்ற இரு ஆய்வாளர்கள் உடல்நலம் சார்ந்த நடத்தையை மூன்றாகப் பிரித்தார்கள். சுகமாக இருக்கும்போதே நோய் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. உடம்பு சரியில்லை என்று தோன்றியதும் செய்வது இரண்டாவது: கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு ‘ரெண்டு நாள் பார்ப்பம்’ என்பது இதில் சேரும். நோயாளி என்று ஆனபின் குளிசையை ஒழுங்காகப் போடுவது மூன்றாவது.

தமிழ் ‘நடத்தை’ நட என்ற வினையிலிருந்து வந்தது. ஆனால் நம் காதில் அது நல்லொழுக்கம், தீயொழுக்கம் என்றுதான் விழும். குற்றம் செய்த சிறுவரைப் பொறுப்பேற்பது நன்னடத்தைத் திணைக்களம். ‘அவருடைய நடத்தை சரியில்லை’ என்றால், அவர் தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘சுகாதாரம்’ சுகம், ஆதாரம் என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது; சுகத்துக்கு அடிப்படை. இங்கே பேச்சில் அது சுத்தம் என்று சுருங்கிவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் வந்தால் டெங்குக்காகப் பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார், கடைச் சமையலறையை எட்டிப் பார்ப்பார்.

இரண்டும் சேர்ந்தால்? கொழும்பு கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் ‘உங்கள் குடும்பத்தின் சுகாதார நடத்தை எப்படி?’ என்று கேட்டால், வீடு சுத்தமா, ஆட்கள் ஒழுங்கா என்று கேட்டதாகத்தான் அந்த அம்மா எடுப்பார். ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு மிஸ்’ என்ற பதில்தான் வரும். அதை வைத்து என்ன ஆய்வு செய்வது? மொழிபெயர்த்த கேள்விப் படிவத்தை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் வழக்கம் இருக்கிறது. இந்தக் கோளாறு அதில் பிடிபடாது. ‘சுகாதார நடத்தை’ நேராக ‘ஹெல்த் பிஹேவியர்’ ஆகத் திரும்பிப் போய்விடும்.

அப்படியானால் ‘பழக்கம்’? அதற்கு நல்ல துணை இருக்கிறது. கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 1965இல் தொடங்கிய ஆய்வு தூக்கம், காலைச் சாப்பாடு, உடற்பயிற்சி, புகை, மது உட்பட ஏழு விஷயங்களைப் பார்த்தது. 1972இல் முடிவை எழுதியவர்கள் அவற்றைப் பழக்கங்கள் என்ற பொருளில் ‘பிராக்டிசஸ்’ என்றே சொன்னார்கள். ஆனால் ‘அவருக்கு ஒரு பழக்கமும் இல்லை’ என்றால் நம்மிடம் குடி, சிகரெட் இல்லை என்றே அர்த்தம். தவிர, ஒருமுறை போடும் தடுப்பூசியைப் பழக்கம் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது ‘நலம் பேணல்’. பேணு பழைய தமிழ்ச் சொல், கவனித்துக் காப்பது. தினம் செய்வதும் ஒரே தடவை செய்வதும் இதில் அடங்கும், யாரையும் குற்றம் சாட்டாது. ஆய்வுத் தலைப்புக்கு இது போதும். வாசலில் இதுவும் வேண்டாம். ‘பிளேன்டீக்கு எத்தனை கரண்டி சீனி?’, ‘வீட்டில் யார் வெற்றிலை போடுவாங்க?’ என்று நேராகவே கேட்கலாம்.

தமிழ்நாட்டுப் படிவத்தை அப்படியே கொண்டுவருவதும் உதவாது. அங்கே தேநீரில் போடுவது சர்க்கரை, வருவது சர்க்கரை நோய். இங்கே இரண்டுக்கும் சீனிதான். நோயைச் சீனி வருத்தம் என்போம். புகையிலையைப் பயன்படுத்துவது என்ற பொருளில் ‘புகையிலைப் பாவனை’ என்று நாம் சாதாரணமாக எழுதுவதை மதுரைக்காரர் படித்தால், புகைப்பதுபோல் நடிப்பதாக நினைத்தாலும் நினைப்பார்.