கபச் சுரப்பியில் கபம் இல்லை

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வருகிற இடத்தில் எல்லாம் ‘கபச் சுரப்பி’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது. அந்தச் சுரப்பியில் ஒரு சொட்டுச் சளிகூட ஊறுவதில்லை.

சொல் வந்த வழி இதுதான். லத்தீனில் பிட்யூட்டா என்றால் சளி. மூளையின் கழிவு இந்தச் சுரப்பி வழியாகச் சளியாக மூக்குக்கு இறங்குகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் (Galen) காலத்திலிருந்து நம்பினார்கள். 16ஆம் நூற்றாண்டில் உடற்கூறு அறிஞர் வெசாலியசும் அந்தப் பொருளிலேயே பெயர் வைத்தார். அடுத்த நூற்றாண்டில் ஷ்னைடர், ரிச்சர்ட் லோவர் என்ற மருத்துவர்கள் அந்த நம்பிக்கை தவறு என்று காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஐரோப்பிய மொழிகளில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. லத்தீன் தெரியாதவருக்குப் பிட்யூட்டரி வெறும் பெயர். தமிழில் கபம் அப்படியா? வாதம், பித்தம், கபம் என்று இன்றும் புழங்குகிற சொல். கபச் சுரப்பி என்று படிக்கிற மாணவருக்கு நெஞ்சுச்சளிதான் நினைவுக்கு வரும். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட கருத்தை மொழிபெயர்ப்பாளர் மறுபடி உயிர்ப்பித்துக் கையில் கொடுக்கிறார். அதிலும் கபம் வடசொல். தமிழாக்க வேண்டும் என்று புறப்பட்டு, பொருளும் போய், தமிழும் வராமல் நிற்கிறோம். மூலச்சொல்லைப் பிரித்துப் பார்த்து அப்படியே பெயர்ப்பது கலைச்சொல்லாக்கம் ஆகாது. அந்த உறுப்பு என்ன செய்கிறது, எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, மற்றச் சுரப்பிகளை ஆள்வது என்று பிட்யூட்டரியைத் ‘தலைமைச் சுரப்பி’ என்கிறார்களே? அதையும் ஏற்க முடியவில்லை. பட்டாணி அளவுள்ள இந்தச் சுரப்பிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி இருக்கிறது. அங்கிருந்து சிறு ரத்தக்குழாய்கள் வழியாக வரும் தூண்டுபொருள்களும் தடுபொருள்களும்தான் சுரப்பியின் முன்பகுதியான முன்மடலை நடத்துகின்றன. பின்மடல் எதையும் தயாரிப்பதே இல்லை; ஹைப்போதலாமஸ் உண்டாக்கிய ஆக்சிடோசின், வாசோபிரசின் என்ற ஹார்மோன்களை வைத்திருந்து வெளியிடுகிறது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டிஎஸ்எச் (TSH, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைத் தைராய்டு சுரப்பது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது தைராய்டை வேலை வாங்க முன்மடல் அனுப்புவது. தைராய்டு சோர்ந்தால் டிஎஸ்எச் ஏறும். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் மூளையும் முன்மடலும் அதை உணர்ந்து டிஎஸ்எச்சைக் குறைக்கும். கீழே இருப்பது மேலே இருப்பதைக் கட்டுப்படுத்துகிற இந்த ஏற்பாட்டைத் ‘தலைமை’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. அப்புறம், இன்சுலின் முக்கியமாக ரத்தச் சர்க்கரைக்கும், தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ரத்தத்தில் உள்ள கால்சியத்துக்கும் கட்டுப்பட்டவை. அங்கே இந்தத் தலைவருக்கு நேரடி வேலை இல்லை. மூளையின் ஹார்மோன்களைக் கண்டறிந்ததற்காக கில்லெமின், ஷாலி என்ற விஞ்ஞானிகள் 1977இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்குப் பிறகும் தலைமைப் பட்டம் எதற்கு?

பொருள் பார்த்து வைத்த நல்ல தமிழ்ச்சொல்லும் உண்டு. ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஸ்டார்லிங். கிளர்ந்தெழச் செய்வது என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது. ‘இயக்குநீர்’ அதற்கு அழகாகப் பொருந்துகிறது, வினை தெரிகிறது.

பிட்யூட்டரிக்கு என் தேர்வு ‘மூளையடிச் சுரப்பி’. மூளைக்கு அடியில், மண்டையோட்டின் குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. பெயரும் அதைத்தான் சொல்கிறது. மருத்துவம் ஹைப்போபிசிஸ் என்று வைத்திருக்கும் இன்னொரு பெயருக்கும் அடியில் வளர்ந்தது என்றுதான் பொருள். கட்டுரையில் முதல் முறை வரும்போது பக்கத்தில் பிட்யூட்டரி என்று போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது. ஹைப்போதலாமசை இப்போதைக்கு அப்படியே எழுதலாம்.