மலையகத்துக் காதுக்குள் பிரெஞ்சு நுழைவது எப்படி?

ஹட்டனிலோ கண்டியிலோ வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்துவிட்டுப் பாரிஸில் போய் இறங்குபவர்களின் முதல் முறைப்பாடு இது: "எழுத்துல பார்த்தா விளங்குது, வாயால சொன்னா ஒண்ணும் பிடிபடல." இலக்கணம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால், அட்டவணையை மூடிவைத்துவிட்டு முதலில் காதைக் கவனிக்க வேண்டும்.

கைக்குழந்தைகள் உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகள் பலவற்றைப் பிரித்தறியும். கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்போனது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள், ஆறு முதல் எட்டு மாத வயதில், இந்தியிலுள்ள 'த', 'ட' ஒலிகளைப் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. பத்தும் பட்டும் ஒன்றாகக் கேட்குமா என்று நமக்கு வியப்பாக இருக்கும். தோட்டத்துத் துரைமார் பலருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

வீட்டு மொழிக்குத் தேவையான வேறுபாடுகளைக் கூர்மையாக்கி, தேவையில்லாதவற்றை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. ட்ரூபெட்ஸ்கோய் என்ற ரஷ்ய மொழியியலாளர் இதைச் சல்லடை என்றார். தேயிலை ஃபெக்டரி பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. எந்தத் தூள் எந்தத் தட்டில் விழும் என்பதைச் சல்லடையின் கண்தான் தீர்மானிக்கிறது. தமிழ்க் கண் போட்ட சல்லடையில் பிரெஞ்சைக் கொட்டினால், இரண்டு வேறு ஒலிகள் ஒரே தட்டில் விழும்.

இதற்கு நல்ல உதாரணம் 'ஊ'. பிரெஞ்சில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு உயிரொலி உண்டு. நாக்கை 'ஈ' சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் அது வரும். தமிழில் அது இல்லை, அதனால் நம் காது அதை 'ஊ' என்றோ 'யூ' என்றோ பதிந்துகொள்கிறது. 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் பிரெஞ்சில் உள்ள சொற்கள் இந்த ஓர் உயிரொலியில் மட்டும்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'தசூ' தான். ரெஸ்டோரன்ட் சமையலறையில் தட்டை மேலே வைக்கச் சொன்னார்களா கீழே வைக்கச் சொன்னார்களா என்று முழிப்பது கவனக்குறைவு இல்லை. அந்த வேறுபாடு காதில் விழுந்தும் மூளையில் பதியவில்லை.

சரி, எல்லாமே பாதகமா என்றால் இல்லை. பிரெஞ்சு என்றதும் எல்லாரும் பயப்படும் மூக்கொலி உயிர்கள் நமக்குப் புதிதே இல்லை. 'அவன் வந்தான்' என்று எழுத்தில் 'ன்' போடுகிறோம். ஆனால் பேச்சில் பெரும்பாலும் நாக்கு மேலே தொடுவதில்லை, கடைசி உயிர் மூக்கால் கசிந்து முடிந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர் செய்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். இன்னொன்று: ஆங்கிலேயர் 'பாரிஸ்' என்று சொல்லும்போது 'ப'வோடு காற்று வெடித்து வரும், வாய் முன்னே பிடித்த காகிதம் ஆடும். நம் 'ப'வில் அது இல்லை, பிரெஞ்சு 'ப'விலும் இல்லை. ஆனால் பிரெஞ்சில் பாணுக்கான சொல்லும் குளியலுக்கான சொல்லும் வேறுபடுவது முதல் ஒலியில் மட்டும்: ஒன்றில் p, மற்றதில் b. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' எழுத்து. அங்கே சிங்களம் கைகொடுக்கும். அந்த மொழியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்தும் ஒலியும் உண்டு. பஸ் ஸ்டாண்டிலும் கடையிலும் சிங்களம் பேசி வளர்ந்தவருக்கு அந்தக் கண் ஏற்கெனவே திறந்திருக்கிறது. தொண்டையில் உருளும் 'ர'வைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நம்முடைய 'ர'வைப் போட்டாலும் ஆட்களுக்கு விளங்கும்.

சொற்கள் எங்கே முடிகின்றன என்பது அடுத்த தொல்லை. பிரெஞ்சில் எழுத்தில் இருக்கும் கடைசி மெய் பல இடங்களில் ஊமையாகக் கிடக்கும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பல நேரம் உயிர்பெற்று அதோடு ஒட்டிக்கொள்ளும். 'நண்பர்கள்' என்பது 'லே' + 'அமி', காதில் விழுவதோ 'லேஸமி'. புணர்ச்சி விதி படித்தவர்கள் இதற்கு அசரக்கூடாது.

எண்கள் வேறு கதை. பிரான்ஸில் தொலைபேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 72 என்பது 'அறுபது-பன்னிரண்டு', 97 என்பது 'நாலு-இருபது-பத்து-ஏழு'. அறுபது என்று கேட்டதும் கை 6 எழுதிவிடும், அடுத்து பன்னிரண்டு வந்ததும் அதை வெட்டி 7 ஆக்க வேண்டும், அதற்குள் அவர் அடுத்த சோடிக்குப் போயிருப்பார். தற்காலிக நினைவில் பாதி விடையை வைத்துக்கொண்டு காத்திருக்க மூளை பழக வேண்டும். சுவிஸ் போனவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள், அங்கே பிரெஞ்சுப் பகுதியில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரடியான சொற்கள் இருக்கின்றன.

வயது வந்த பிறகு சல்லடையின் கண்ணை மாற்ற முடியுமா? ஓரளவு முடியும். ஆங்கிலத்தின் 'ர', 'ல' இரண்டும் ஜப்பானியருக்கு ஒன்றுபோலக் கேட்கும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சொல் ஒலிக்கும், 'ர'வா 'ல'வா என்று சொல்ல வேண்டும், சரியா பிழையா என்று உடனே தெரிந்துவிடும். பல ஆட்களின் குரலில் பழகியவர்கள், முன்பு கேட்டிராத குரலிலும் தேறினார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்கு அந்தத் திறமை புதுக் குரலுக்கு அவ்வளவாகப் பரவவில்லை. பல குரல்களைக் கேட்டால்தான் எது அந்த ஆளின் தொனி, எது மொழியின் ஒலி என்று மூளை பிரித்துக்கொள்ளும்.

ஒரே டீச்சரின் குரலை வருடம் முழுக்கக் கேட்டுவிட்டுப் போகிறவர் தடுமாறுவது இதனால்தான். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் மரக்கறியும் சலூனும் சாப்பாட்டுக் கடையும் தமிழிலேயே முடிந்துவிடும். அது பெரிய ஆறுதல், ஆனால் காதுக்குப் புதுக் குரல் கிடைக்காது. வேலைத்தளத்தில் குரல்கள் நிறையக் கிடைக்கும், கூடவே தட்டுச் சத்தமும் காற்றாடி இரைச்சலும். இரைச்சலில் தாய்மொழிக்காரர் விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொள்வார், புதிதாகப் படிப்பவரால் அது முடியாது. அதனால் வானொலி, பேக்கரி வரிசை, பக்கத்து வீட்டு முதியவர் என்று சத்தம் குறைந்த இடத்தில் பல வாய்களைக் கேட்பதுதான் தொடக்கத்தில் உதவும்.

பரீட்சையும் இதைக் கேட்கிறது. பிரான்ஸில் 2026 ஜனவரி முதல் பத்து வருட வதிவிட அட்டைக்கு ஐரோப்பிய மொழித் தர அளவில் பி1 (நடுத்தரம்), குடியுரிமைக்கு அதற்கு அடுத்த படியான பி2 வேண்டும். அந்தத் தரங்களுக்குப் பலர் எழுதும் டெல்ஃப் பரீட்சையில் 100 புள்ளிகளில் 25 கேட்டலுக்கு. மற்றப் பகுதிகளில் எவ்வளவு அள்ளினாலும், கேட்டலில் 5க்குக் கீழே போனால் சான்றிதழ் இல்லை.