சொல் விளக்கம்: அதிகார வரம்பு

பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் வக்கீல்கள் வாயில் ஓயாமல் அடிபடும் சொல் 'ஜூரிஸ்டிக்‌ஷன்'. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அதுவே 'லிமிட்'. "அண்ணாச்சி, இது எங்க லிமிட்டுல வராதுல்லா" என்று சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. அரசுக் காகிதங்களில் 'சரகம்' என்று பார்க்கலாம். சட்டத் தமிழில் 'அதிகார வரம்பு', கலைச்சொல் அகராதிகளில் 'ஆள்வரை', இலங்கைச் சட்டத் தமிழில் 'நியாயாதிக்கம்'. ஓர் அரசோ நீதிமன்றமோ அதிகாரியோ எந்த இடத்தில், எந்த ஆள் மீது, எந்த விவகாரத்தில் சட்டத்தைச் செலுத்தலாம் என்பதே எல்லாவற்றுக்கும் பொருள்.

லத்தீனில் 'யூஸ்' என்றால் சட்டம், 'டிக்தியோ' என்றால் சொல்லுதல். சேர்த்தால், நம் ஊர்ப் பேச்சில் 'நியாயம் சொல்றது'. மூலச் சொல்லில் நிலமும் இல்லை, எல்லையும் இல்லை. நியாயம் சொல்ல யாருக்கு உரிமை என்பதுதான் அதன் கரு. தமிழுக்கு வந்தபோது எல்லை முன்னால் வந்து நின்றுகொண்டது. வரம்பு என்பது வயல் வரப்புக்கும் பெயர். தாமிரபரணிப் பாசனத்தில் வரப்பு, வயல் யாருடையது என்று காட்டும். தண்ணீரோ மடை வழியாக அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். நாட்டு எல்லை பாராமல் ஓடும் இணையத்துக்கும் இந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது என்பது என் கருத்து.

அந்த வரம்பும் மண்ணோடு பிறந்ததில்லை. செங்கோட்டை ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் அது திருவிதாங்கூர் ஆட்சியிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்து, 1956 நவம்பர் 1இல்தான் நெல்லை மாவட்டத்துக்கு வந்தது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. வீடும் தெருவும் இருந்த இடத்திலேயே இருந்தன. நியாயம் கேட்கப் போகும் இடம்தான் மாறியது.

எல்லைக்கு அப்பால் இருந்து வெளியிடுவது இணையத்தோடு வந்த புதுப் பழக்கமும் இல்லை. 1908 ஜூலையில் வ.உ.சி.க்குத் திருநெல்வேலி நீதிமன்றம் தண்டனை விதித்தது. அதே ஆண்டு எட்டயபுரத்துப் பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். 'இந்தியா' பத்திரிகையும் அங்கிருந்து அச்சாகத் தொடங்கியது. எழுதியவர் பிரெஞ்சு எல்லைக்குள், வாசகர்கள் பிரிட்டிஷ் எல்லைக்குள். பிரிட்டிஷ் போலீஸால் புதுச்சேரிக்குள் புகுந்து கைது செய்ய முடியவில்லை, வேவு பார்க்கத்தான் முடிந்தது. அப்புறம் பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வருவதையே தடுத்தார்கள். 1910இல் அது நின்றது. வெளியிடுபவரைத் தொட முடியாவிட்டால் வாசலை அடை என்ற இதே வழியைத்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இன்று வைத்திருக்கிறது. 2020 ஜூனில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் முடக்கப்பட்டது அந்தப் பிரிவின் கீழ்தான்.

'அதிகார வரம்பு' என்று ஒரே சொல்லாகச் சொல்லும்போது மூன்று வேறு அதிகாரங்கள் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. சட்டம் இயற்றும் வரம்பு, விசாரிக்கும் வரம்பு, நிறைவேற்றும் வரம்பு. மூன்றுக்கும் ஒரே நீளம் கிடையாது. "சர்வர் வெளிநாட்டுல இருக்கு, நாம என்ன செய்ய?" என்று கைவிரிப்பவர்கள், மூன்றாவது குட்டையாக இருப்பதைக் காட்டி முதல் இரண்டையும் சேர்த்தே மறுத்துவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு அதனால் நேரும் இழப்பு பெரியது. எந்த வரம்பு என்று பிரித்துக் கேட்பதும் பிரித்து எழுதுவதும் அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சட்டம் இயற்றும் வரம்பு நீளமானது. இந்தியாவில் உள்ள கணினியோ கணினி வலையமைப்போ சம்பந்தப்பட்டிருந்தால், குற்றம் செய்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், வெளிநாட்டில் இருந்தே செய்திருந்தாலும், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவருக்குப் பொருந்தும் என்று அதன் 75ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும், இந்தியாவில் உள்ள கணினி வளத்தைக் குறிவைத்து வெளிநாட்டில் செய்யும் குற்றத்தைத் தனக்குள் கொண்டுவருகிறது. இந்தியக் குடிமகன் எந்த நாட்டில் உட்கார்ந்து குற்றம் செய்தாலும் அது அவரைத் தொடரும். 'ஆன்லைன் வேலை' என்று வெளிநாடு போகும் நம் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விசாரிக்கும் வரம்பில்தான் உலக நீதிமன்றங்கள் வெகுவாக மோதியிருக்கின்றன. நியூயார்க்கில் தயாராகி நியூஜெர்சி சர்வரில் ஏற்றிய கட்டுரை மெல்போர்னில் வாழும் ஒருவரை அவதூறு செய்ததாக ஒரு வழக்கு. படிக்கப்படும் இடத்தில்தான் பெயர் கெடுகிறது, ஆகவே ஆஸ்திரேலியாவில் விசாரிக்கலாம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. சரி, படிக்க முடிகிற எல்லா ஊரிலும் வழக்குப் போடலாமா? ஒரு வணிக வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் அதை மறுத்தது. இணையதளம் டெல்லியில் திறக்கிறது என்பது மட்டும் போதாது, டெல்லிக்காரர்களைக் குறிவைத்து வணிகம் செய்ததையும் காட்ட வேண்டும் என்றது. இணையதளம் நடத்துபவருக்கும் நியாயமான நிலை இதுதான் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் திசையன்விளையில் கருப்பட்டி விற்க ஒரு பக்கம் தொடங்குபவர் உலகத்தில் உள்ள எல்லாக் கோர்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

நிறைவேற்றும் வரம்பு பெரும்பாலும் நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். நாஜிச் சின்னங்களை ஏலம் விட்ட பக்கங்கள் பிரான்சில் தெரியாமல் தடுக்க வேண்டும் என்று பாரிஸ் நீதிமன்றம் 2000இல் அமெரிக்க இணைய நிறுவனமான யாஹூவுக்கு உத்தரவிட்டது. மீறினால் நாளுக்கு 1 லட்சம் பிராங்க் அபராதம். அதை அமெரிக்காவில் நிறைவேற்ற முடியாது என்று கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றம் 2001இல் சொன்னது. மேல்முறையீட்டில் அந்த வழக்கே 2006இல் தள்ளுபடியானது. இந்தியப் போலீஸும் வேறு நாட்டு மண்ணில் ஒருவரைத் தானாகப் போய்க் கைது செய்ய முடியாது. அந்த நாட்டு அரசு மனம் வைக்க வேண்டும். சட்ட உதவி ஒப்பந்தம், நாடு கடத்தல் ஒப்பந்தம் என்று காகிதம் நகர வேண்டும். இது மெதுவான வேலைதான்.

அப்படியானால் சரியான தமிழ்ச் சொல் எது? பொருளால் மூலத்துக்கு நெருங்கியது 'நியாயாதிக்கம்'; ஆனால் நெல்லைச் சீமையில் அது பழக்கத்தில் இல்லை. 'ஆள்வரை' சுருக்கமானது, கேட்கவும் அழகு; பழகினால் நிலைக்கும். இப்போதைக்கு 'அதிகார வரம்பு' போதும், நாடு கடந்த விவகாரத்தில் எந்த வரம்பு என்பதையும் சேர்த்து எழுதினால். 'சரகம்' ஸ்டேஷன் எல்லைக்குச் சரி, நாடுகளுக்கு ஒட்டாது.

புகார் எழுதும்போதும் இது உதவும். வள்ளியூரில் ஒருவருக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து வந்த செய்தியை நம்பிப் பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏமாற்றும் செய்தி அனுப்பிய இடத்திலும் விசாரிக்கலாம், பெற்ற இடத்திலும் விசாரிக்கலாம் என்று குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 202ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் தகவலை ஸ்டேஷனில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது 173ஆம் பிரிவு. 'ஜீரோ எஃப்ஐஆர்' என்பது அதுதான். பணம் போனதும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துவிட்டு, செய்தி வந்த இடம் என்று புகாரில் வள்ளியூரையே எழுதலாம்.