கொழும்பு கிளினிக்குக்குப் புறப்படும் முன்

திருகோணமலையில் கிளினிக் பகுதியில் தாதியாக வேலை செய்கிறேன். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வரும் நோயாளர்களைக் கொழும்புக்கு அனுப்பும்போது கடிதத்தைக் கொடுத்துத் திகதியைச் சொல்கிறோம். பயணத்தைப் பற்றிப் பேச நேரம் கிடைப்பதில்லை. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர், பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். வருத்தக்காரருக்கு அந்த ஓர் இரவே பெரிய சோதனை.

இதய நோயுள்ள ஐயா ஒருவர் புறக்கோட்டையில் இறங்கும்போதே மூச்சு விட முடியாமல் இருந்திருக்கிறார். மகள் திரும்பி வந்து சொன்னபோதுதான் காரணம் விளங்கியது. "பஸ்ஸில சலம் வந்தா எங்க போறது மிஸ்? அதாலதான் அப்பா ரெண்டு நாளா அந்தக் குளிசையைப் போடேல்ல."

அவரைப் போல் நிறையப் பேர் செய்கிறார்கள். சலம் போகத் தரும் குளிசையை விட்டால் உடம்பில் நீர் தேங்கி நுரையீரல்வரை போகும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். பயண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று எங்களிடம் கேளுங்கள், நேரத்தை மாற்றித் தர வழி இருக்கும். இவர்களுக்கு ரயில்தான் நல்லது, கழிவறை இருக்கிறது. ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை முதலே நிலையத்தில் விசாரித்து இடத்தைப் பதிவு செய்துவிடுங்கள். ஹபரணை, கல்லோயாப் பக்கம் யானைகள் தண்டவாளத்துக்கு வருவதால் வண்டி தாமதிக்கலாம். விடியக் காலைக் கிளினிக்குக்கு முதல் நாள் இரவு வண்டியை நம்பாமல், ஒரு நாள் முந்திப் போய்விடுவது நல்லது.

அடுத்தது நீரிழிவு. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் குறைந்தது 8 மணித்தியாலம் சாப்பிடக்கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் சிலர் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலை இன்சுலினை மட்டும் பழக்கத்தில் போட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். சீனி சட்டென்று இறங்கிவிடும். காலைச் சாப்பாட்டோடு போடும் இன்சுலினையும் குளிசையையும், இரத்தம் கொடுத்துச் சாப்பிடும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடுகிறவர்கள் அதை விட்டுவிடக்கூடாது. அளவை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் சோதனையைப் பற்றி யோசிக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. இன்சுலினையும் குளிசைகளையும் கைப்பையில் வைத்திருங்கள், பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடும் பையில் வேண்டாம். அங்கே சூடு அதிகம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்கள், போன உடனேயே வருத்தத்தைச் சொல்லிவிடுங்கள். விருந்தாளிக்கு இரவு பத்து மணிக்கு இடியப்பமும் சொதியும், விடியச் சீனி போட்ட தேத்தண்ணியும் அன்பாகத்தான் வரும். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டே சோதனை பிழைத்து இன்னொரு தடவை போனவர்களை எனக்குத் தெரியும்.

இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் "கொழும்பு பெரியாஸ்பத்திரி" என்றே சொல்வார்கள். தேசிய வைத்தியசாலை கொழும்பு 10இல் இருக்கிறது, கண் ஆஸ்பத்திரியும் அதற்குக் கிட்டத்தான். கோட்டையை விட மருதானை நிலையத்திலிருந்து போனால் தூரம் குறைவு. சிறுவர் ஆஸ்பத்திரி பொரளையில், கொழும்பு 8. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பது மகரகமவில். அது நகரத்துக்கு வெளியே, ஹைலெவல் வீதிப் பக்கம். கடிதத்தில் அபேக்ஷா என்று எழுதியிருந்தால் அதுதான். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் அந்த வழியாகப் போகும். ஓட்டோவென்றால் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது ஏறுமுன் விலையைப் பேசிவிடுங்கள்.

சிங்களம் தெரியாதவர்கள் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியின் பெயர், கிளினிக்கின் பெயர், உங்கள் வருத்தம், ஒத்துவராத மருந்து, வீட்டுத் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் கேட்டால் எழுதித் தருவோம். திருகோணமலையில் சிங்களம் எழுதத் தெரிந்த அயலவர் இல்லாத தெருவும் குறைவு. அந்தத் துண்டை அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும் ஒரே உறையில் போட்டு, பையில் அல்லாமல் உடம்போடு வைத்திருங்கள். கண் சோதனைக்கு மருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கலாகவே இருக்கும், அதனால் கண் கிளினிக்குக்குத் தனியாகப் போகவே வேண்டாம்.

திரும்பி வந்ததும் அந்தக் கிழமையே புதுக் குளிசைகளையும் பழைய குளிசைகளையும் ஒரே பையில் போட்டு எங்கள் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்து, இரண்டையும் சேர்த்துப் போட்டு இரத்த அழுத்தம் இறங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பையை மேசையில் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் பிரித்துத் தருவோம்.