கரண்ட்டில் ஓடினாலும் ஸ்மோக்கரை வீட்டுக்குள் வைக்காதீர்கள்

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து போன். மரப்புகையில் கறியை வேகவைக்கிற எலெக்ட்ரிக் ஸ்மோக்கரின் கதவு குப்பென்று தானாகத் திறந்துகொண்டது, மெஷினில் ஏதோ கோளாறு, வந்து பாருங்கள் என்றார்கள். அந்தப் பக்கம் வேறொரு சர்வீஸ் வேலையாகப் போயிருந்ததால் உடனே போக முடிந்தது. மழைக்குப் பயந்து மெஷினைச் சமையலறையை ஒட்டிய அறைக்குள் வைத்து, சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். புகைக்கு மரம் போடுகிற மரத்தட்டில் கால் கிலோவுக்கு மேல் கட்டை. பாட்டிக்கும் பேரனுக்கும் மதியத்திலிருந்து தலைவலி, வாந்தி. "கோழிக்கறி ஒத்துக்கலைங்க போல" என்றார் வீட்டுக்காரர். கோழி இன்னும் மெஷினுக்குள்தான் இருந்தது, யாரும் ஒரு துண்டு கூடச் சாப்பிடவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, எல்லோரையும் வெளியே வரச்சொல்லி, அந்த இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் மெஷினைத் தொட்டேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

"கரண்ட்டுல ஓடுறது தானுங்களே, உள்ள வெச்சா என்னங்க?" கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே சர்வீசுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். ரைஸ் குக்கரும் ஓவனும் கரண்ட்டில் ஓடுகின்றன, அவற்றுக்குள் எதுவும் எரிவதில்லை. ஸ்மோக்கரில் கரண்ட் செய்வது ஒரே வேலைதான், கம்பியைச் சூடாக்குவது. அந்தச் சூட்டில் கருகுவது மரம். விறகடுப்பில் வருகிற வாயுக்கள் எல்லாம் இதிலும் வரும். அடுப்பிலாவது காற்றோட்டத்தில் கொழுந்துவிட்டு எரிந்து பெரும்பகுதி கரியமில வாயுவாகப் போய்விடும். இங்கே மரம் காற்றுக்கு ஏங்கிக்கொண்டு புகைவதால் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வரும். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி சுடுகிற குழியைப் பார்த்திருப்பீர்களே, அதைச் சின்னதாக்கி ஒரு பெட்டிக்குள் வைத்தது போலத்தான் இந்த மரத்தட்டு. அந்தக் குழியை வீட்டுக்குள் யாராவது வெட்டுவார்களா?

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசம் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து "98 காட்டுதுங்க" என்று நிம்மதியாக உட்காராதீர்கள். அந்தக் கருவிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலை சுற்றினால் வெளியே ஓடிவாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், புகைக்குள் இருந்தோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, "புகையே வரலைங்க" என்கிற புகார். ஆரம்பத்தில் பெட்டி குளிர்ந்திருக்கும்போது கம்பி விடாமல் சூடேறும், மரம் நன்றாகப் புகையும். வைத்த சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் கம்பியை அணைத்து அணைத்துப் போடும், புகை மெலியும். மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நம் ஆட்கள் உடனே இன்னும் நாலு கட்டையைத் திணிக்கிறார்கள். முதல் கட்டை அதற்குள் கரியாகிக் கனிந்துகொண்டிருக்கும். கரி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புகையாது, ஆனால் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே புகை நின்றதும் உள்ளே கொண்டுபோய் வைக்கலாம் என்பதும் தப்பு.

அதோடு அடிக்கடி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற பழக்கம் வேறு. உள்ளே எரியாமல் தேங்கிய வாயுவுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் குப்பென்று பற்றும். நிறையக் கட்டை போட்டிருந்தால், உள்ளேயே கொஞ்சம் காற்று கிடைத்துப் பற்றிக் கதவைத் தள்ளிவிடும். பொள்ளாச்சியில் நடந்தது அதுதான். தீப்பிடித்தால் கதவைச் சாத்துங்கள், காற்றுத் துளையை மூடுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. உள்ளே உருகிய கொழுப்பும் கரண்ட்டும் இருக்கிறது.

மரத்தை ராத்திரியெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவதும் வேண்டாம். கட்டைக்குள் தண்ணீர் மேல்தோலைத் தாண்டிப் பெரிதாக இறங்காது. அது ஆவியாகும் வரை மரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, 200-க்கு மேல் போனால்தான் மரம் சிதைந்து வாசமான புகை தரும். அதுவரை வருகிற வெள்ளை மூட்டம் கறியைக் கசப்பாக்கிவிடும். நன்றாகக் காய்ந்த கட்டை, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் ஒன்றிரண்டு, சின்ன மெஷினுக்குப் போதும். மெலிசாக, லேசான நீலத்தில் வருகிற புகைதான் நல்ல புகை.

எந்த மரம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். மா, கொய்யா தாராளமாகப் போடலாம். வேலிக்காத்தான் அமெரிக்கர்கள் கொண்டாடுகிற மெஸ்கீட் மரத்துக்குச் சொந்தக்கார மரம்தான், காரமான புகை, கொஞ்சமாகப் போடுங்கள். அரளிக் குச்சி வேண்டவே வேண்டாம், அதன் புகையும் விஷம். அப்புறம், மில்லிலும் பம்ப் கம்பெனியிலும் சும்மா கிடைக்கிறதென்று, சரக்கு அடுக்குகிற பேலட் பலகையை உடைத்துப் போடுகிறார்கள். அதில் முத்திரையைப் பாருங்கள். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற பூச்சிக்கொல்லி வாயுவைப் புகையூட்டிய பலகை. எச்.டி. (HT) என்று இருந்தால் வெறும் சூடேற்றியதுதான், ஆனாலும் பெரும்பாலும் பிசின் வடிகிற பைன் மரம், வழியில் என்னென்ன கொட்டியதோ தெரியாது. பிளைவுட், பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம் எதையும் தொடாதீர்கள்.

மெஷினைத் திறந்த வெளியில், சுவரையும் ஓலைக் கொட்டகையையும் விட்டுத் தள்ளி வையுங்கள். போர்ட்டிகோவும் கார் ஷெட்டும் திறந்த வெளி ஆகாது. மழை என்றால் அன்றைக்குக் குழம்பு வையுங்கள். ஆறு மாதம் சும்மா கிடந்த மெஷினின் கம்பி ஈரம் வாங்கி டிரிப் ஆகும், அதற்காக எர்த் பின்னை வெட்டுகிறவர்களை என்ன சொல்வது? உயிரைக் காப்பாற்றத்தானே அது டிரிப் ஆகிறது! மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பாருங்கள். கரியை மறுநாள் வரை ஆறவிட்டு, இரும்பு வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பிறகு கொட்டுங்கள். அந்தக் கரி தேங்காய் நார்க்கழிவுக் குவியல் பக்கம் போகவே கூடாது, உள்ளுக்குள்ளேயே கனிந்து இரண்டு நாள் கழித்துப் பற்றும்.

அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது மெஷினைக் கொண்டுவந்தவர்கள் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் மெஷினுக்கு நம் ஊர் 230 வோல்ட்டைக் கொடுத்தால் 800 வாட் கம்பி கிட்டத்தட்ட 2,900 வாட் இழுக்கும். மரம் புகையாது, நேராகத் தீப்பிடிக்கும். பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற, தகுந்த வாட் அளவுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், அது வருகிற வரை மெஷின் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும்.